காலைத் தூக்கினால் பாட்டு நிற்கும்: அப்பலாச்சிய மலை இசை யாரால் பிழைத்தது?

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைத்தொடரில், ஃப்ளாய்ட் என்று ஒரு சின்ன மலையூர். அங்கே ஒரு பழைய பலசரக்குக் கடையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டமும் பாட்டும் நடக்கும். உள்ளே, காலணிக்கு அடியில் உலோகத் தகடு அடித்துக்கொண்ட பெரியவர்கள் மரத்தரை அதிர ஆடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வெளியே நடைபாதையில் நடந்ததுதான். பத்துப் பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பிடில், பாஞ்சோ என்ற தோல் கட்டிய தந்தி வாத்தியம் மூன்று, இரண்டு மூன்று கிட்டார், ஓரத்தில் பெரிய வயலின் மாதிரி ஆளுயர பாஸ் ஒன்று. மேடை கிடையாது, மைக் கிடையாது. நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் வாசித்தார்கள்.

ஒரே மெட்டு. இருபது தடவை, முப்பது தடவை, சுற்றிச் சுற்றி அதே மெட்டு. முதல் ஐந்து சுற்றுக்கு, சரி, அடுத்த பாட்டு எப்போது வரும் என்றுதான் தோன்றியது. பத்தாவது சுற்றில் காது வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. ஒரு பிடில் மெட்டை நேராகக் கொண்டுபோகிறது, பக்கத்துப் பிடில் அதே இடத்தில் வில்லை அழுத்தி ஒரு தள்ளு தள்ளுகிறது, பாஞ்சோ அந்தத் தள்ளுக்குப் பதில் சொல்கிறது. யாரும் தனியாக வாசித்துக் காட்டவில்லை. அப்புறம் மெட்டைத் தொடங்கிய வெள்ளைமுடி அம்மா ஒரு காலை லேசாக முன்னால் நீட்டித் தூக்கினார். அந்தச் சுற்று முடிந்ததும் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். கை இரண்டும் வேலையாக இருப்பதால் கால்தான் ஜாடை. இந்த வட்டாரம் முழுக்க இதுதான் வழக்கம்.

இந்த இசைக்கு ஆங்கிலத்தில் ஓல்ட் டைம் என்று பெயர். பலர் இதை ப்ளூகிராஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ப்ளூகிராஸ் பிறகு வந்தது. பில் மன்றோவின் குழுவில் 1945 வாக்கில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் பாஞ்சோவை மின்னல் வேகத்தில் மீட்டத் தொடங்கிய பிறகு உருவான மேடைக் கலை அது. ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் வந்து திறமையைக் காட்டுவார்கள். ஓல்ட் டைம் ஆட்டத்துக்காக உண்டான இசை. ஆடுகிறவர் நிறுத்தாதவரை வாசிக்கிறவரும் நிறுத்த மாட்டார்.

பிடில் என்பது நம் கச்சேரிகளில் வாசிக்கும் அதே வயலின்தான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அது நம்மிடம் வந்தபோது நாம் கீழே உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி, கமகத்துக்கு ஏற்ற மாதிரி வசப்படுத்திக்கொண்டோம். அப்பலாச்சிய மலைக்காரர்களில் பலர் அதை மோவாய்க்கு அடியில் இடுக்காமல் நெஞ்சில் சாய்த்து, ஒரே சமயத்தில் இரண்டு தந்தியில் வில் படும்படி வாசித்தார்கள். ஒரு தந்தியில் மெட்டு ஓடும், பக்கத்துத் தந்தி தம்புரா போலச் சுருதி சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்காகவே மேல்நாட்டு முறையில் ஜி, டி, ஏ, ஈ என்று இருக்கும் தந்திகளை ஏ, ஈ, ஏ, ஈ என்று மாற்றிக் கூட்டுவார்கள். கர்நாடக இசை தெரிந்தவர்கள் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம், அது அப்படியே நம் ச, ப, ச, ப. எனக்கு முதன்முதலில் இது புரிந்தபோது வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மக்களும் ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. சுருதி அடியில் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கிறது, இரண்டு பேரும் பிருடையைத் திருகி ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த இசையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் மலைக்குள் போய்க் குடியேறினார்கள், வெளியுலகத் தொடர்பு அறுந்தது, அதனால் முன்னோர் பாட்டு ஒரு கலப்பும் இல்லாமல் அப்படியே தங்கிவிட்டது என்பார்கள். கேட்க அழகான கதை. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பலருடைய பெயரை அழித்த கதை. யார் இந்த இசையைக் காப்பாற்றினார்கள் என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பாதியைப் பார்க்காமல் முடியாது.

இந்தக் கதை பரவப் பெரிய காரணம் சிசில் ஷார்ப். இங்கிலாந்தில் நாட்டுப்பாடல் சேகரித்துப் பெயர் பெற்றவர். ஆலிவ் டேம் கேம்பெல் என்ற பெண்மணி 1907இல் கென்டக்கியின் ஹிண்ட்மன் பள்ளியில் ஒரு மாணவி பாடக் கேட்டு, அதிலிருந்து மலைப் பாட்டுகளை எழுதிவைக்கத் தொடங்கியிருந்தார். ஷார்ப்பை மலைக்கு இழுத்தது அவர் சேகரிப்புதான். 1916 முதல் 1918 வரை ஷார்ப்பும் அவர் உதவியாளர் மாட் கார்ப்பெலிஸும் மொத்தம் 46 வாரங்கள் அந்த மலைகளில் சுற்றினார்கள். ஷார்ப்புக்கு ஆஸ்துமா. அப்போது அங்கே ஒழுங்கான சாலையும் இல்லை. கால்நடையாகவே வீடு வீடாகப் போய், ஷார்ப் மெட்டை எழுத, கார்ப்பெலிஸ் சொற்களை எழுதினார். வட கரோலினாவின் ஹாட் ஸ்ப்ரிங்ஸ் ஊரில் ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற ஒரே பெண்மணியிடம் மட்டும் எழுபது பாட்டுகள் போல் கிடைத்தன. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1666ஆம் ஆண்டு நாட்குறிப்பில் கேட்டதாகக் குறிப்பிட்ட பார்பரா ஆலன் கதைப்பாட்டு, இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, கடலுக்கு அப்பால், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாயில் உயிரோடு இருந்தது. ஷார்ப் மெய்சிலிர்த்துப் போனதில் தப்பே இல்லை.

ஆனால் அவர் தேடிப் போனது ஆங்கிலப் பாட்டு. தேடியது கிடைத்தது, மற்றதைத் தாண்டிப் போனார். பாஞ்சோ மெட்டுகளையும் தேவாலயப் பாட்டுகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். கறுப்பின மக்களிடம் மிக மிகக் குறைவாகவே கேட்டார். அவர் புத்தகத்தைப் படித்தவர்களுக்கு மலை என்றால் வெள்ளைக்காரர்கள் மட்டும் வாழும், பழைய இங்கிலாந்தின் ஒரு துண்டு என்று பதிந்துவிட்டது.

பாஞ்சோவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இசையின் அடையாளமே அதுதான். அது ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, நீண்ட கழியில் தந்தி இழுத்த மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களின் பிள்ளை அது. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொண்டிங் என்ற வாத்தியத்தை இன்றைக்கும் பார்க்கலாம், மேல்நோக்கிக் கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி இருக்கும். பாஞ்சோவிலும் ஐந்தாவது தந்தி அதேபோல் குட்டை, அதே கட்டைவிரலுக்கு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் நினைவிலிருந்து அந்த வாத்தியத்தைத் திரும்பச் செய்துகொண்டார்கள். 1840களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து நடத்திய மேடை நிகழ்ச்சிகள் வழியாக அது வெள்ளையர் வீடுகளுக்கும் பரவியது. பிறகு மலையில் ரயில்பாதை போடவும் சுரங்கம் வெட்டவும் வந்த கறுப்பினத் தொழிலாளிகள் பாஞ்சோவையும் கிட்டாரையும், வேலைப் பாட்டுகளையும், சுரத்தை வளைத்துப் பாடும் ப்ளூஸ் பாணியையும் கொண்டுவந்தார்கள். சியர்ஸ் ரோபக் கம்பெனியின் தபால் விற்பனைப் பட்டியல் வழியாக மலிவு விலைக் கிட்டார் மலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. தொடர்பே இல்லாத மலை என்கிறார்களே, அங்கே தபாலில் கிட்டார் வந்துகொண்டிருந்தது.

கையில் கிடைத்ததைக் கொண்டு வாத்தியம் செய்துகொள்வதும் இதே மக்களின் வழக்கம்தான். பாஞ்சோவுக்குப் பூனைத் தோல், தரையில் வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக் என்ற பிராணியின் தோல் என்று எது கிடைத்ததோ அதைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டுவார்கள். பார்வையில்லாத கிட்டார் மேதை டாக் வாட்சனுக்கு அப்பா செய்துகொடுத்த முதல் பாஞ்சோவில் கட்டியது, பாட்டி வீட்டுப் பூனையின் தோல். பழைய பிடில்களை எடுத்து ஆட்டினால் சிலவற்றில் உள்ளே ஏதோ கிலுகிலுக்கும். ராட்டில் பாம்பின் வால் கிலுகிலுப்பையை உள்ளே போட்டு வைத்திருப்பார்கள். எலி, சிலந்தி அண்டாது என்பார் ஒருவர், நாதம் கூடும் என்பார் இன்னொருவர்.

சரி, ரெக்கார்டு கம்பெனிகள் கதைக்கு வருவோம். 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். அந்த ஊரின் கடைத்தெரு நடுவில்தான் டென்னசி, விர்ஜீனியா மாநில எல்லைக்கோடு ஓடுகிறது. தொப்பிக் கம்பெனி ஒன்று இருந்த கட்டடத்தில் இடம் பிடித்து இரண்டு வாரத்துக்குள் 19 குழுக்களிடமிருந்து 76 பதிவுகள் எடுத்தார். கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு அங்கேதான் முதல் தடவை ரெக்கார்டுக்குப் பாடியது. ஏ. பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் சித்தி பெரியம்மா மகளும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல். மேபெல் அப்போது கர்ப்பிணி. ஒரு பாட்டுக்கு 50 டாலர். விவசாயக் குடும்பத்துக்கு அது பெரிய பணம்.

பீருக்கு வேண்டியது, தன் பெயரில் பதிப்புரிமை பதிந்துகொள்ளக்கூடிய பாட்டு. ஊரெல்லாம் பாடும் பாட்டாக இருந்தாலும் கொஞ்சம் மாற்றி, யாராவது ஒருவர் பெயரில் பதிந்தால் போதும். அதனால் ஏ. பி. கார்ட்டர் பாட்டு வேட்டைக்குக் கிளம்பினார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க்காரர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு கால் போனவர், துப்பாக்கி வெடித்ததில் வலக்கையில் இரண்டு விரல் போனவர். ஏ. பி. சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் பதித்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டுவார். மேபெல் ரிடிலிடமிருந்தும் கிட்டார் கற்றுக்கொண்டார். அமெரிக்கக் கிட்டார்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மேபெலின் வலக்கையைப் பார்த்து வளர்ந்தார்கள். ஆனால் கார்ட்டர் குடும்பத்தின் அந்தக் கால ரெக்கார்டுகளில் ரிடில் பெயர் இல்லை.

அவர் பெயர் விடுபட்டது தற்செயல் இல்லை. கம்பெனிகள் அட்டவணையையே இரண்டாகப் பிரித்திருந்தன. வெள்ளையர் வாசித்தால் ஹில்பில்லி அல்லது ஓல்ட் டைம், கறுப்பினத்தவர் வாசித்தால் ரேஸ் ரெக்கார்டு. இரண்டு பக்கமும் ஒரே பிடில், ஒரே பாஞ்சோ, பல நேரம் ஒரே மெட்டு. ஆனால் கறுப்பினத்தவர் ப்ளூஸ் பாடினால்தான் விற்கும் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டதால், பிடில் வாசித்த கறுப்பினக் குழுக்கள் மிகக் குறைவாகவே பதிவாயின. பதிவு இல்லை என்பதால் பின்னால் வந்தவர்கள் அப்படி ஆட்களே இல்லை என்று எண்ணிக்கொண்டார்கள். இன்னும் மோசம், விர்ஜீனியாவின் ஒயிட் டாப் மலையில் 1931 முதல் 1939 வரை நடந்த இசை விழா. அதன் முக்கிய அமைப்பாளர்களில் ஒருவரான ஜான் பவல், 1924இல் விர்ஜீனியா கொண்டுவந்த இனக்கலப்புத் தடைச் சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர். அந்த விழாவில் கறுப்பின இசைக்காரர்களுக்கு இடமே கிடையாது. நாட்டுப்பாடல் என்றதும் அதில் எந்த விஷமும் இருக்காது என்று நாம் எண்ணிவிடக்கூடாது. எது தூய்மை என்று தீர்மானிக்க ஒருவர் உட்காரும்போதே, யாரோ ஒருவர் வெளியே தள்ளப்படுகிறார்.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இன்னொரு கதை. 1866இல் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொலையானார். டாம் டூலா என்பவரை 1868இல் தூக்கிலிட்டார்கள். உடனே பாட்டு பிறந்தது. நம்மூரில் கொலை நடந்தால் கொலைச்சிந்து கட்டிக் குஜிலிப் புத்தகமாகப் போட்டுச் சந்தையில் பாடி விற்றார்களே, கிட்டத்தட்ட அதே வேலை, அச்சு மட்டும் இல்லை. ஃப்ராங்க் ப்ராஃபிட் என்ற விவசாயி தன் குடும்பத்தாரிடம் கேட்டுப் பழகிய அந்தப் பாட்டை, 1938இல் ஊருக்கு வந்த ஃப்ராங்க் வார்னர் என்ற சேகரிப்பாளருக்குப் பாடிக்காட்டினார். 1958இல் கிங்ஸ்டன் ட்ரையோ குழு அதைப் பாடிய ரெக்கார்டு அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய்ப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ப்ராஃபிட் அப்போதும் மலையில் புகையிலை பயிரிட்டுக்கொண்டு, பாஞ்சோ செய்துகொண்டிருந்தார். 1960களில் வந்த சமரசத்தில்தான் ராயல்டியில் ஒரு பங்கு அவருக்கு ஒதுக்கப்பட்டது. 1965இல் இறந்துவிட்டார்.

நிலக்கரிச் சுரங்கப் பாட்டுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒன்று மட்டும். 1931இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். தொழிற்சங்கத்துக்காரர் சாம் ரீஸைத் தேடி ஷெரிஃப்பின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து கலைத்துப்போட்டார்கள். அவர் வீட்டில் இல்லை. அவர்கள் போன பிறகு மனைவி ஃப்ளாரன்ஸ் ரீஸ் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டை எழுதினார். மெட்டு, அவருக்குத் தெரிந்த பழைய மெட்டு. உலகம் முழுக்கப் போராட்டங்களில் இன்றைக்கும் அதைப் பாடுகிறார்கள். ஆதி இங்கிலாந்தை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்த மக்கள் செய்யும் காரியமா இது? பழைய மெட்டு அவர்களுக்கு அன்றாடம் கையில் எடுக்கும் கருவி, மண்வெட்டி மாதிரி.

இனி கைமாற்றியவர்களைப் பற்றி. எனக்கு இதில் மிகவும் நெருக்கமானவர் டாமி ஜாரெல். 1901இல் பிறந்தவர், வட கரோலினாவில் மவுண்ட் ஏரி ஊருக்குப் பக்கத்தில் டோஸ்ட் என்ற இடத்தில் வாழ்ந்தவர். எட்டு வயது வாக்கில் பண்ணை வேலைக்கு வந்த ஒருவரிடம் பாஞ்சோ கற்றார். பிடில் அப்பா பென் ஜாரெலிடமும் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடமும். அந்தப் பெரியவர்களில் 1860களின் உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர்களும் இருந்தார்கள். அப்பா 1927இல் ரெக்கார்டு கொடுத்தவர். மகனோ நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டியே நாற்பது ஆண்டைக் கழித்தார். இசை அவருக்குத் தொழிலே இல்லை. 1966இல் ஓய்வு, அடுத்த ஆண்டு மனைவி இறந்துபோனார். வீடு காலியானது. அப்புறம்தான் பிடிலை முழு மூச்சாகத் திரும்பக் கையில் எடுத்தார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்க நகரங்களில் இளைஞர்களுக்கு நாட்டுப்பாடல் மோகம். டாமியின் வாசிப்பைக் கேட்டவர்கள் நியூயார்க்கிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நீண்ட முடி, வேறு உச்சரிப்பு, சிலர் வேறு மதம். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. படுக்க இடம் கொடுத்தார், காலையில் எழுந்து தானே சமைத்துப் போட்டார், பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு வாசித்தார். நொட்டேஷன் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. எந்த மெட்டை யாரிடம் கற்றார், அந்த ஆள் குடித்தால் எப்படி வாசிப்பார், எந்த மழைநாளில் அது நடந்தது என்று கதையும் சேர்ந்தே வரும். வில் கையைப் பார்த்துக்கொண்டே இரு, திரும்ப வாசி, இன்னொரு தடவை. அவ்வளவுதான் முறை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வயதில் ராக் இசையும் ரேடியோ கன்ட்ரி இசையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தாத்தா வாசிப்பது பதினாறு வயதில் யாருக்குப் பெரிதாகத் தெரியும்? வாசல் தேடி வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களில் சிலர் அந்த வட்டாரத்திலேயே வீடு வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்கள். பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அதே மெட்டைச் சொல்லிக்கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு. இரத்த வழி அறுந்த இடத்தில் கற்ற வழி இசையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. 1982இல் அமெரிக்க அரசு மரபுக் கலைஞர்களுக்குத் தேசிய மரபு விருது கொடுக்கத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே டாமி பெயர் இருந்தது. 1985இல் இறந்தார்.

வாத்தியம் இல்லாத கதைப்பாட்டுக்கு வேறு வழி. வட கரோலினாவின் மாடிசன் கவுண்டியில் சோடம் என்ற சிற்றூர்ப் பகுதி. அங்கே அதை முழங்காலோடு முழங்கால் என்பார்கள். பாடுகிற பெரியவரும் கற்கிற குழந்தையும் எதிரெதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்காருவார்கள். பெரியவர் ஒரு கண்ணி பாடுவார், குழந்தை திரும்பப் பாடும். அடுத்த கண்ணி. சில பாட்டு இருபது முப்பது கண்ணி போகும். 1953இல் பிறந்த ஷீலா கே ஆடம்ஸ் இப்படித்தான் பாட்டி முறையான டெலி சாண்ட்லர் நார்ட்டனிடம் கற்றார். அந்தக் குடும்பத்தில் கதைப்பாட்டு பாடும் ஏழாவது தலைமுறை அவர். 2013இல் அவருக்கும் அதே தேசிய விருது கிடைத்தது. ஆய்வாளர்கள் பாலட் என்று சொல்லும் இந்தப் பாட்டுகளை ஊரார் காதல் பாட்டு என்றே சொல்வார்கள், பாதிப் பாட்டில் யாராவது யாரையாவது ஆற்றில் தள்ளிக் கொன்றாலும்கூட. குரலை நடுக்க மாட்டார்கள், முகத்தில் உணர்ச்சி காட்ட மாட்டார்கள், அடியின் கடைசியில் குரல் சட்டென்று மேலே எகிறி அறுந்து நிற்கும். கதை தன் பாட்டில் நடந்துகொள்ளும், பாடுகிறவர் குறுக்கே நிற்கக்கூடாது. அதைக் கற்றுக்கொள்ள முழங்கால் தொடும் தூரம் வேண்டும். மூச்சை எங்கே விடுகிறார்கள் என்று ரெக்கார்டில் பாதிதான் கேட்கும்.

அழிக்கப்பட்ட பெயர்கள் என்று மேலே எழுதினேன். அந்த வழியும் முழுதாக அறுந்துவிடவில்லை, அறுகிற நிலைக்குப் போய்த் திரும்பியது. மலையிலிருந்து இறங்கி வரும் சமவெளியில் மெபேன் என்ற ஊர். அங்கே ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பினப் பிடில்காரர், 1918இல் பிறந்தவர், அப்பாவிடம் கற்றவர். அவர் தாத்தாவும் பிடில் வாசித்தவர். வாழ்நாளில் பெரும்பகுதி மர அறைகலன் தொழிற்சாலையில் வேலை. ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல் பாஞ்சோ வாசிக்க, இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஓடெல் 1994இல் இறந்தார், ஜோவுக்கு 2001இல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் வில்லைப் பிடித்துத் திரும்ப வாசித்தார். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக்காரர்களின் கூடுகை ஒன்று நடந்தது. அதில் சந்தித்துக்கொண்ட ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் வாரம் ஒருநாள் சாயங்காலம் ஜோ வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். அந்த மூவர்தான் கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழு. 2011இல் அவர்கள் ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அப்போது ஜோவுக்கு 92 வயது, மறு ஆண்டு காலமானார். கிடன்ஸ் பல மேடைகளில் பாஞ்சோவின் ஆப்பிரிக்கப் பிறப்பைச் சொல்லிவருகிறார். அந்தச் சந்திப்பு பத்து வருஷம் தள்ளிப்போயிருந்தால் கற்றுக்கொடுக்க ஜோ இருந்திருக்க மாட்டார். நினைத்தால் பயமாகவே இருக்கிறது.

குழந்தைகளுக்கு என்ன வழி என்று கேட்டால், ஜாம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ் திட்டத்தைச் சொல்லலாம். வட கரோலினாவின் அலகெனி கவுண்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆலோசகராக இருந்த ஹெலன் ஒயிட், தானும் பிடில் வாசிப்பவர், 2000இல் தொடங்கியது. பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் பிடில், பாஞ்சோ, கிட்டார். வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்கு வாத்தியம் இரவல். காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும், ஊர்ப் பெரியவர்கள் வந்து வாசித்துக் காட்டுவார்கள். இப்போது பல மாநிலங்களில் கிளைகள் உண்டு. ஆசிரியர் சம்பளத்துக்கும் வாத்தியப் பழுதுக்கும் ஆண்டுதோறும் பணம் திரட்டியாக வேண்டும், விருது விழாவைவிட இதற்குத்தான் பணம் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலை இல்லாத மலையூரில் இளைஞர்கள் தங்குவது கடினம். கேலக்ஸ் ஊரில் அறைகலன் ஆலைகள் மூடியதும், கென்டக்கியில் சுரங்கங்கள் மூடியதும் வாசிப்பவர்களையும் வெளியே அனுப்பியது. விர்ஜீனியா அரசு க்ரூக்கட் ரோட் என்ற பெயரில் 300 மைலுக்கு மேற்பட்ட இசைப் பாதையை அறிவித்துச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிவருகிறது. கடைகளுக்கு வருமானம், வாசிப்பவர்களுக்கும் கொஞ்சம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்தபோது ஃப்ரெஞ்ச் பிராட் ஆறு மாடிசன் கவுண்டியின் மார்ஷல் ஊருக்குள் புகுந்து கடைத்தெருவையே மூழ்கடித்தது. ஜேன் ஜென்ட்ரி பாடிய ஹாட் ஸ்ப்ரிங்ஸும் தப்பவில்லை. நூறு ஆண்டுக்கு முன் எழுதிவைத்த பாட்டுகள் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன, வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பாட ஓர் இடம் வேண்டுமே, அதைத்தான் வெள்ளம் அடித்துப்போனது.

இசையை நேரில் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கேலக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கும் பிடில்காரர்கள் போட்டி ஆகஸ்டில் வரும். மேடைப் போட்டியைப் பார்ப்பதைவிடக் கூடாரங்களுக்கு நடுவே நடந்து போங்கள், ராத்திரி முழுக்க அங்கங்கே வட்டங்கள் இருக்கும், மேடைப் பக்கமே போகாமல் வாரம் முழுக்க வாசிப்பவர்களும் உண்டு. மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக வயலின் வாசிப்பவராக இருந்தால் அதையும். சட்ஜத்தை ஆறு கட்டைக்குக் கொண்டுவந்தால் போதும், அது அவர்களுடைய ஏ. முதலில் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். ஒரு மெட்டு இருபது தடவை வரும் என்பதால் ஏழெட்டாவது சுற்றுக்குள் கை பழகிவிடும், பழகியது தெரிந்தால் யாராவது நாற்காலியை நகர்த்தி இடம் விடுவார்கள். மெட்டைத் தொடங்கியவரின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.